சிவப்பு நெல்

ஒக்டோபர் 24, 2021. ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் எமில் சாப்பிடாமலே வயலுக்குப் போய்விட்டார். கட்டுக்கரைக் குளத்தில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். இந்தக் காலபோக விதைப்புக்கும் சூசைப்பிள்ளை அண்ணையின் இரண்டு ஏக்கரைத்தான் குத்தகைக்கு எடுத்திருக்கிறோம். எங்களுக்கென்று சொந்தக் காணி கிடையாது.

பசளை இல்லை. இரசாயனப் பசளை இனி நாட்டுக்குள் வரக்கூடாது என்று அரசாங்கம் நிறுத்தி மாதக்கணக்காகிறது. பதிலுக்குச் சேதனப் பசளை, இயற்கை எரு என்று மூட்டை கொடுத்தார்கள். எமில் முற்றத்தில் கொட்டிப் பார்த்தார். பாதி மண். நடுவில் ஒரு செருப்பு.

"மற்றக் காலும் கிடந்தா நல்லாயிருக்கும்" என்றார். நானும் சிரித்தேன்.

எங்கள் மகள் செரினுக்கு எட்டு மாதம். இன்று கோயிலில் அவள் போட்ட சத்தத்தில் சாமியார் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். வெட்கமாகப் போய்விட்டது.

நவம்பர் 16

பயிர் முளைத்துவிட்டது. வரம்பில் நின்று பார்த்தால் பச்சைதான். எமிலோடு ராஜமாணிக்கம் கூலிக்கு வருகிறார். தாயும் தகப்பனும் மலையகத்தில் இருந்து இந்தப் பக்கம் வந்து குடியேறியவர்கள். எமிலுக்கும் அவருக்கும் ஒரே வயது. இரண்டு பேரும் வரம்பில் இருந்து ஒரே பார்சலில் சாப்பிடுவார்கள்.

சூசைப்பிள்ளை அண்ணை தன் கையில் வைத்திருக்கும் மற்றத் துண்டில் பழைய சிவப்பு நெல் விதைத்திருக்கிறார். ஊரில் வேறு யாரும் அதை விதைக்கவில்லை. நாங்கள் எல்லோரும் வெள்ளை நெல்தான். இன்று செரினைத் தூக்கிக்கொண்டு போனபோது அவரிடம் கேட்டேன்.

"இது யூரியா கேக்காது பிள்ளை. மாட்டெரு காணும். ஆனா விளைச்சல் பாதிதான். நான் தனி ஆள், எனக்குக் காணும்."

மனைவி இறந்தபிறகு அவர் தனியாகத்தான் இருக்கிறார். ஆறு மாடும் அவரும்.

டிசம்பர் 9

தடையை எடுத்துவிட்டதாக வானொலியில் சொல்லிப் பல நாளாகிறது. யூரியா வரவில்லை. எமில் மன்னாருக்குப் போய்வந்தார், முருங்கனுக்குப் போய்வந்தார். நேற்று வவுனியா வரைக்கும் போய்வந்தார். வெறும் கை.

பயிர் மஞ்சளாகிவிட்டது. நுனியில் இருந்து கீழே இறங்குகிறது. எமில் வீட்டில் அதைப் பற்றிப் பேசுவதில்லை. வயலைப் பற்றிப் பேசாத எமிலை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

டிசம்பர் 25

நத்தார். பலகாரம் சுடவில்லை. மா இல்லை, எண்ணெய் விலை கேட்கவே பயம். செரினுக்கு என் அக்கா அனுப்பிய சட்டையைப் போட்டுவிட்டேன். கொஞ்சம் பெரிது. வளர்ந்தால் சரியாக இருக்கும்.

ஜனவரி 13, 2022

கிளினிக் நாள். மிட்வைஃப் றெஜினா அக்கா செரினைத் தராசில் போட்டுவிட்டு அட்டையைப் பார்த்தா. போன மாதமும் அவ அப்படித்தான் பார்த்தா.

"பால் குடுக்கிறியோ?"

"குடுக்கிறன் அக்கா."

"உனக்கு இருக்கோ எண்டு கேக்கிறன்."

நான் செரினுக்குச் சட்டையை மாட்டினேன். பால்மா வாங்கச் சொன்னா. கடைகளில் பால்மா இல்லை என்பது அவவுக்கும் தெரியும். கிளினிக்கில் கொடுக்கும் சத்துமாவும் இந்த முறை வரவில்லையாம். "முட்டை குடு, பருப்பு குடு" என்றா. சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டா.

எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் எழும்பும்போது மட்டும் தலை சுற்றுகிறது.

பெப்ரவரி 20. ஞாயிறு

வெட்டினோம்.

மெசின் ஒரு மூலையில் இறங்கி மற்ற மூலையில் ஏற, சாக்குப் பிடிக்க நின்ற ராஜமாணிக்கம் கையை விரித்துக் காட்டினார். எமில் வயலுக்குள் இறங்கி, மெசினுக்குப் பின்னால் விழுந்த வைக்கோலைக் கையால் உதறி உதறிப் பார்த்தார். நெல் வைக்கோலோடு போய்விட்டதோ என்று அவருக்குச் சந்தேகம். போகவில்லை. கதிரிலேயே இல்லை. இருந்ததிலும் பாதி சப்பி. கையில் அள்ளி ஊதினால் பறந்துபோகிறது.

போன வருஷம் முற்றத்தில் அடுக்க இடம் இல்லாமல் விறாந்தையிலும் அடுக்கினோம். இந்த முறை விறாந்தைக்குத் தேவை வரவில்லை.

சூசைப்பிள்ளை அண்ணை பின்னேரம் வந்தார். குத்தகை நெல்லுக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அடுக்கியிருந்ததைப் பார்த்தார். எமிலின் தோளில் கை வைத்தார்.

"எனக்கு இந்தமுறை வேண்டாம். பிள்ளைக்கு வைச்சிரு."

எமில் குனிந்துகொண்டு நின்றார். அண்ணை போனபிறகும் வெகுநேரம் அப்படியே நின்றார்.

பெப்ரவரி 27

மெசின்காரர் தன் பங்கை நெல்லாகவே ஏற்றிப்போனார். உழவுக்கு வந்தவருக்கும் நெல்தான். மிச்சத்தில் நல்லதாகப் பொறுக்கி அடுத்த சிறுபோக விதைக்கு எமில் கட்டி வைத்தார். அதை நான் தொடக்கூடாது என்றார். சாப்பிட என்று நின்றது கால் மூட்டைதான். குத்தினால் நொறுங்கிக் குறுணலாகத்தான் வரும். பரவாயில்லை, செரினுக்குக் கஞ்சிக்குக் குறுணல் நல்லது.

மார்ச் 6

விதை நெல்லையும் குத்திச் சாப்பிட்டு முடித்துவிட்டோம். எமில்தான் அவிழ்த்துத் தந்தார்.

கடையில் அரிசி விலை காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று. டீசலுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. ஒருவரும் கூலிக்கு ஆள் கூப்பிடுவதில்லை. எமில் விடியப் போய் வெயில் ஏறத் திரும்பி வருகிறார். நேற்றும் இன்றும் மரவள்ளி. அவித்து, மசித்து, உப்புப் போட்டுச் செரினுக்கும் கொடுத்தேன். துப்பிவிட்டாள்.

"அண்ணையிட்ட கேட்டுப் பாருங்கோவன்" என்றேன். சூசைப்பிள்ளை அண்ணை இந்தக் கிழமைதான் சிவப்பு நெல்லை வெட்டி, ராஜமாணிக்கத்தை வைத்துக் காயவிட்டு, களத்தில் அடுக்கியிருக்கிறார்.

"குத்தகையை விட்ட மனிசனிட்ட இன்னொருக்கா எந்த முகத்தோட போய்க் கேக்கிறது?" என்றார் எமில்.

மார்ச் 10

செரின் இப்போதெல்லாம் அழுவதே இல்லை. நல்ல பிள்ளை. பாயில் கிடத்தினால் கிடத்தின இடத்திலேயே கிடக்கிறாள். நான் குசினி வேலையை நிம்மதியாக முடித்தேன்.

றெஜினா அக்கா சைக்கிளில் போகிறவ இறங்கி வந்து பார்த்தா. செரினின் காலை விரலால் அமத்தினா. குழி விழுந்தது. அது நிரம்பி வரும்வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தா.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ."

"போறம் அக்கா. பஸ் ஓடட்டும்."

அவ எமிலைப் பின்பக்கம் கூட்டிப்போய் ஏதோ சொன்னா. என்ன என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 11

எமில் விடியக்காலை ஒரு மூட்டை நெல் கொண்டுவந்தார். முருங்கனில் யாருக்கோ மூட்டை ஏற்றிக் கொடுத்ததுக்குக் கூலியாம்.

மில்லில் கறண்ட் இல்லை. அதனால் உரலில் குத்தினேன். வெளியே வெயில், அதனால் உரலை வீட்டுக்குள் உருட்டி வைத்துக் குத்தினேன். சாக்கை எமில் எரித்துவிட்டார், ஓட்டைச் சாக்கு.

அரிசி சிவப்பு. மூன்று தரம் கழுவினேன்.

செரின் அரைக் கோப்பை கஞ்சி குடித்தாள். துப்பவில்லை.

மார்ச் 12

சூசைப்பிள்ளை அண்ணையின் களத்தில் களவு போய்விட்டது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. சாக்குத் தையல் போட்டு வைத்த ஒரு மூட்டையைக் காணவில்லையாம். இந்த ஊரில் களத்தில் இருந்து ஒருவரும் நெல் எடுத்தது இல்லை. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்த காலத்தில்கூட இல்லை. எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

எமிலுக்குக் காய்ச்சல். வெளியே போகவில்லை.

மார்ச் 13. ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. செரினுக்குச் சுகமில்லை என்று சொல்லியனுப்பினேன். உண்மையில் அவள் இன்று கொஞ்சம் தெளிவு. கஞ்சி, பிறகும் கஞ்சி.

பின்னேரம் பொலிஸ் வந்து ராஜமாணிக்கத்தைக் கூட்டிப்போனது. காயவிட்டவர் அவர், அடுக்கினவர் அவர், அதனால் அவருக்குத்தான் தெரிந்திருக்குமாம். எங்கள் படலையைத் தாண்டித்தான் கொண்டு போனார்கள். அவர் எங்கள் வீட்டைப் பார்த்துக் கத்தினார்.

"எமிலு, நீயாச்சும் சொல்லுப்பா! நான் அப்படிப்பட்ட ஆளா? சொல்லுப்பா!"

எமில் உள்ளே இருந்தார். நான் வாசலில் நின்றேன். என் கையில் செரின்.

மார்ச் 15

ராஜமாணிக்கத்தின் மனைவி பாக்கியம் வந்தா. இரண்டு பிள்ளைகளும் படலைக்கு வெளியே நின்றன. எத்தனை சொல்லியும் உள்ளே வரவில்லை. தாய் பழக்கி வைத்திருக்கிறா.

"ஸ்டேசன்ல பாக்க விடலக்கா. சாப்பாடு குடுக்கப் போனேன், வாங்கிக்கிட்டாங்க, ஆளக் காட்டல. உள்ளாற சத்தம் கேட்டிச்சு."

நான் அவவை இருக்கச் சொன்னேன். அவ இருக்கவில்லை.

"கொஞ்சம் அரிசி இருந்தா குடுங்கக்கா. எனக்கில்ல. புள்ளைங்களுக்கு."

அடுப்பில் பானை மூடியிருந்தது. வீட்டில் இருந்த அரிசி அது ஒன்றுதான். எங்கே போனாலும், யார் கையில் கொடுத்தாலும், அது என்ன அரிசி என்று பார்த்த கண்ணுக்குத் தெரியும். அதிலும் அவவின் புருஷன் காயவிட்ட நெல்.

"இல்லை பாக்கியம். நாங்களும் மரவள்ளிதான்" என்றேன்.

இரண்டு கிழங்கு கொடுத்தேன். கும்பிட்டுவிட்டு வாங்கினா. அந்தக் கும்பிடு எனக்கு வேண்டாம் என்று இருந்தது. படலைக்கு வெளியே சின்னவள் மூக்கை உயர்த்தி மணந்து பார்த்தாள். "அம்மா, சோறு" என்றாள். பாக்கியம் அவளுடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனா.

எமில் பின்கதவில் நின்று எல்லாம் கேட்டார்.

மார்ச் 17

நானும் எமிலும் பேசினோம். நான் சொன்னதை இங்கே எழுதவில்லை. அவர் சொன்னதை எழுதுகிறேன்.

"நான் போய்ச் சொன்னா என்னைப் பிடிப்பாங்கள். பிள்ளையை ஆர் பாக்கிறது? அவளுக்குக் கஞ்சியை ஆர் கொண்டு வாறது?"

பிறகு, பேசாலையில் ஒருவர் படகில் இந்தியாவுக்கு ஆள் ஏற்றுகிறார் என்றார். அங்கே போனால் முகாமில் அரிசி கொடுப்பார்கள். பிள்ளைக்கு ஆஸ்பத்திரி இருக்கும்.

"ராஜமாணிக்கத்தின்ர பிள்ளையளுக்கு?" என்று கேட்டேன். எழுதுவதில்லை என்றேன், எழுதிவிட்டேன். இருக்கட்டும்.

எமில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டார்.

மார்ச் 20. ஞாயிறு

சூசைப்பிள்ளை அண்ணை ஒரு போத்தலில் பால் கொண்டுவந்தார்.

"கண்டு குடிச்சது போக மிஞ்சினது. பிள்ளைக்குக் காய்ச்சிக் குடு. எமில் எங்கை?"

"வேலை தேடிப் போயிட்டார்." எமில் வேலிக்குப் பின்னால் நின்றார்.

அண்ணை உள்ளே வந்து செரினைத் தூக்கினார். அவள் அவருடைய தாடியைப் பிடித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"நான் அவன்ர பேரைச் சொல்லேல்ல, பிள்ளை. ஆர் வேலைக்கு வந்ததெண்டு கேட்டாங்கள், சொன்னன். அவ்வளவுதான். ஒரு மூட்டை நெல்லுக்கு இப்பிடி அடிப்பாங்களெண்டு தெரிஞ்சிருந்தா முறைப்பாடே குடுத்திருக்க மாட்டன். இப்ப போய் வேண்டாமெண்டா, வழக்குப் பதிஞ்சாச்சு எண்டுறாங்கள்."

உரல் வீட்டுக்குள்தான் இருந்தது. அவர் செரினை என்னிடம் தந்துவிட்டு, உரலின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்சம் நின்றார். வயதாகிவிட்டது, மூச்சு வாங்கியிருக்கும். பிறகு கையில் ஒட்டிய சிவப்புத் தவிட்டைப் பார்த்து, சாரத்தில் துடைத்தார்.

"அடுத்த கிழமையும் பால் கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பாலைக் காய்ச்சினேன். உரலைத் துடைத்துவிட்டு வருவதற்குள் பொங்கி, பாதி அடுப்பில் போனது.

மார்ச் 22

மணல் திட்டில் இருந்து எழுதுகிறேன். பென்சில்தான் இருக்கிறது.

என் கழுத்தில் கிடந்த தாலிக்கொடியைப் படகுக்காரரிடம் கொடுத்தோம். விடியுமுன் எங்களையும் வவுனியாக் குடும்பம் ஒன்றையும் இங்கே இறக்கிவிட்டார். "இது இந்தியாதான், நேவி வரும், ஏத்திக்கொண்டு போகும்" என்றார். படகு திரும்பிவிட்டது. வெளிச்சம் வந்த பிறகுதான் பார்த்தோம். நாலு பக்கமும் கடல். எங்கள் வீட்டு முற்றத்தைவிடக் கொஞ்சம் பெரிதான மணல். ஒரு மரம், ஒரு செடி இல்லை.

கொண்டுவந்த தண்ணீரைப் பிள்ளைகளுக்கென்று வைத்துவிட்டோம். எமில் சட்டையைக் கழற்றி, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துச் செரினுக்கு நிழல் கொடுத்தார். சூரியன் நகர நகர அவரும் நகர்ந்தார். இருக்கச் சொன்னேன், கேட்கவில்லை. தோல் சிவந்து கொப்பளித்துவிட்டது.

தண்ணீர் ஏறி மணல் சின்னதாகிக்கொண்டு வருகிறது. வவுனியாப் பெண் செபமாலை சொல்லத் தெரியுமா என்று கேட்டா. அவ சைவம். தெரியும் என்றேன். சொல்லத் தொடங்கினேன். "எங்கள் அன்றாட உணவை எங்களுக்கு இன்று அளித்தருளும்" என்ற இடத்தில் எமில் எழுந்து தண்ணீரின் ஓரத்துக்குப் போய்விட்டார்.

மார்ச் 24

நேற்று எழுதமுடியவில்லை. முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்த பிறகுதான் நேவிக்காரர்கள் வந்து எங்களை ஏற்றினார்கள். செரின் இராமேசுவரம் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். பிழைப்பாள் என்று டொக்டர் சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான், பிழைக்காமல் போயிருக்கலாம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது.

ஒரு அதிகாரி விசாரித்தார். நல்ல மனிதர், முதலில் டீ வாங்கிக் கொடுத்தார்.

"அங்க என்ன தொழில் பண்ணீங்க?"

"வயல் செய்யிறது" என்றார் எமில்.

"விவசாயமா?" அவர் எழுதுவதை நிறுத்தினார். "நெல்லா?"

"ஓம். நெல்."

"நெல் போடுறவங்களுக்கே சாப்பாடு இல்லையா?"

எமில் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். அதிகாரி அடுத்ததைக் கேட்டார். "போலீஸ் கேஸ் ஏதாவது இருக்கா உங்க மேல?"

"இல்லை ஐயா" என்றார் எமில். அது உண்மை. எங்கள் மேல் ஒரு வழக்கும் இல்லை.

ஏப்ரல் 3. ஞாயிறு. மண்டபம்

முகாமில் அறை தந்திருக்கிறார்கள். அரிசி, பருப்பு, எண்ணெய். பானை நிறையச் சோறு ஆக்கினேன். எமில் ஒரு பிடி சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிவிட்டார். கொஞ்ச நாளாக அப்படித்தான். முதுகுப் புண் காய்ந்துவிட்டது. ஆனாலும் மல்லாந்து படுப்பதில்லை.

செரின் சாப்பிடுகிறாள். கிண்ணத்தை நான் எடுத்தால் கத்துகிறாள்.

ஏப்ரல் 8

பக்கத்து அறைக்காரரிடம் போன் வாங்கிக்கொண்டு எமில் வெளியே போகப் பார்த்தார். "இங்கையே கதையுங்கோ" என்றேன். என்னைப் பார்த்தார். சத்தத்தைக் கூட்டி, போனை நடுவில் வைத்தார்.

"அண்ணை, எமில் கதைக்கிறன்."

"சொல்லு."

"அந்த மூட்டை... நான்தான் அண்ணை எடுத்தனான்."

மாட்டின் மணிச்சத்தம் கேட்டது. அவர் பட்டியில் நின்றிருப்பார்.

"கேட்டிருந்தா தந்திருப்பனே."

"தெரியும் அண்ணை. அதாலதான் கேக்கேலாமப் போச்சு."

"அடியில ராஜமாணிக்கத்துக்கு ஒரு காது கேக்காமப் போச்சு. இன்னும் உள்ளுக்குத்தான், மறியலில கிடக்கிறான். பிணைக்கு நிக்க ஆளில்லை. நான் நிக்கப் போனன், முறைப்பாடு குடுத்த நீ நிக்கேலாதெண்டுறாங்கள்."

"பாக்கியம்?"

"பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு போயிட்டாள். வீடு திறந்தபடி கிடக்கு. மலைநாட்டுப் பக்கம் எண்டு ஒருத்தன் சொல்லுறான். வேற ஒருத்தன் வேற சொல்லுறான். ரெண்டு மூட்டை கொண்டுபோய் அவளின்ர வாசலில வைச்சன். அப்பிடியே கிடந்து நனைஞ்சு முளைச்சுப் போச்சு."

எமில் அழுதார். அண்ணை அவர் அழுது முடிக்கும்வரை காத்திருக்கவில்லை.

"நாளைக்குப் பொலிசுக்குப் போய்ச் சொல்லுறன். நம்புவாங்களோ தெரியாது. கள்ளன் கடலுக்கு அங்கால இருக்கிறான், இவனை விடுங்கோ எண்டா சிரிப்பாங்கள். எண்டாலும் சொல்லுறன்."

"நான் திரும்பி வாறன் அண்ணை."

"எதில வருவாய்?" என்றார் சூசைப்பிள்ளை அண்ணை. போன் நின்றுவிட்டது.

ஏப்ரல் 10. குருத்தோலை ஞாயிறு

எமில் காலையில் இருந்து முகாம் வாசலில் நிற்கிறார். தன்னை ஊருக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டுமாம், யாரிடம் கொடுப்பது என்று ஒவ்வொருவராகக் கேட்கிறார். இங்கே வந்த ஒருவரும் அப்படிக் கேட்டதில்லையாம். வாசலில் இருந்த பொலிஸ்காரர் சிரித்ததாக வவுனியாப் பெண் வந்து சொன்னா. நான் அவரைத் தடுக்கவில்லை. போங்கோ என்றும் சொல்லவில்லை.

அறையைக் கூட்டினேன். துணி தோய்த்தேன். சோறு வடித்து இறக்கி நிமிர்ந்தபோது, செரின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தானாக எழும்பி நின்றாள். முதல்தரம். கால் இரண்டும் ஆடின. விழவில்லை. பிறகு கையையும் விட்டாள். விட்டுவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

முகாம் வாசல் அங்கிருந்து தெரியும். எமிலின் முதுகும் தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

நான் கூப்பிடவில்லை.